சபையும் செங்கோலும்

காஞ்சிமாநகருக்குத் தெற்கே, பேருந்தில் ஒரு மணி நேரப் பயணத் தொலைவில் உத்திரமேரூர் இருக்கிறது. ஊர் நடுவே உள்ள வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஒன்று கி.பி. 919-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மற்றொன்று 921-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. குடவோலை முறையைப் பள்ளிப் பாடத்தில் படிக்காத மாணவர் தமிழ்நாட்டில் இரார். ஆயினும் அக்கல்வெட்டில் நான் இன்று சுட்டிக்காட்ட விரும்புவது குடத்தை அன்று, ஒரு சொல்லை. அவ்வூரார் தம்மைச் 'சபையோம்' என்று அழைத்துக்கொண்டனர். ஊர்க் காரியங்களைத் தாமே கூடி முடிவு செய்தோர் தம்மைக் குறித்த சொல் அது.

இதே சொல்லைத் தமிழ்க் கிறிஸ்தவர்களும் எடுத்துக்கொண்டனர். கிரேக்க மொழியில் 'எக்லேசியா' என்பது நகர மாந்தர் கூடும் கூட்டத்திற்குப் பெயர். முதற் கிறிஸ்தவர்கள் தம் கூட்டத்தையும் அப்பெயராலேயே வழங்கினர். அதனைத் தமிழில் பெயர்த்தோர் 'சபை' என்றனர். கோயில் என்றோ, மடம் என்றோ, பீடம் என்றோ அவர்கள் பெயர்த்திருந்தால் பொருள் வேறாகியிருக்கும். சபை என்று சொன்னவுடன் ஒரு கேள்வி தானாகவே எழுகிறது: சபையை ஆள்வது யார்? கூடியிருப்போரா, அவர்களுக்கு மேலே அமர்ந்திருப்போரா? தமிழ்நாட்டுக் கிறிஸ்தவ வரலாற்றில் இக்கேள்வி நூறாண்டுக்கு மேலாக எவ்வாறு எழுந்து எவ்வாறு தீர்வு தேடியது என்பதே இன்றைய பேச்சு.

முதலில் உத்திரமேரூரையே சற்று நின்று பார்த்துவிடுவோம். ஊர் முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, சபை முழுவதும் காணக் குடத்தைக் குலுக்கி, வேறுபாடு அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓர் ஓலையை எடுப்பித்தனர். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும் வேண்டும். மறையும் அதன் உரையும் கற்றவராயின் அரைக்கால் வேலியே போதும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. அவருடைய உறவினருக்கும் இடமில்லை. இதைப் படிக்கும்போது இக்காலத்துச் சங்கங்கள் சில நினைவுக்கு வருமாயின் அது கல்வெட்டின் குற்றமன்று.

இரண்டு செய்திகளை மறந்துவிடலாகாது. ஒன்று, இச்சபை ஊரார் அனைவரின் சபை அன்று. நிலமுடைய, மறை கற்ற அந்தணரின் சபை. பெண்டிருக்கும் நிலமற்ற உழவருக்கும் அங்கே இடமில்லை. மற்றொன்று, இந்த ஏற்பாடு அரசனின் ஆணைப்படி, அரச அதிகாரி ஒருவர் உடனிருக்கச் செய்யப்பட்டது. மேலிருந்து வரும் ஆணையும் கீழிருந்து எழும் தெரிவும் ஒரே சுவரில் பொறிக்கப்பட்டுள்ளன. இவ்விரண்டும் எப்போதும் பகைத்தே நிற்கவேண்டும் என்பதில்லை. பகைத்தபோது என்ன நேர்ந்தது என்பதை இனிக் காண்போம்.

கிறிஸ்தவ உலகில் இக்கேள்விக்கு மூன்று விடைகள் வழங்கின. அத்தியட்சர் எனவும் பேராயர் எனவும் சொல்லப்படும் தலைவர், அப்போஸ்தலர் காலந்தொட்டு வழிவழியாக வந்த அதிகாரம் உடையவர், அவர் கைவைத்து அருட்பொழிவு செய்தாலன்றி ஒருவர் குருவாகார் என்பது ஒரு விடை. உரோமைத் திருச்சபையும் ஆங்கிலத் திருச்சபையும் இப்பக்கம் நின்றன. தனி ஒருவர் கையில் அதிகாரம் தகாது, குருமாரும் மூப்பரும் கூடிய மன்றமே ஆளவேண்டும் என்பது ஸ்காட்லாந்து நாட்டார் கொண்ட விடை. ஒவ்வோர் ஊர்ச் சபையும் தன்னளவில் முழுச் சபையே, அதற்கு மேல் மனிதர் எவர்க்கும் ஆட்சி இல்லை என்பது மூன்றாவது விடை. இவ்விடை தந்தோரைச் சுயாதீன சபையார் என்பர். மூவரும் தத்தம் கொள்கைக்கு வேதாகமத்திலிருந்தே சான்று காட்டினர். வேடிக்கை என்னவெனில், யூதாஸ் நீங்கிய இடத்திற்கு வேறொருவரை நிரப்பவேண்டி வந்தபோது அப்போஸ்தலர் செய்தது நம் உத்திரமேரூராருக்கு நன்கு விளங்கும்: கூடியிருந்தோர் இருவரை நிறுத்தினர், பின்னர்ச் சீட்டுப் போட்டனர், சீட்டு மத்தியா பெயருக்கு விழுந்தது.

காஞ்சி, செங்கற்பட்டுப் பக்கத்திற்கு இக்கேள்வி ஸ்காட்லாந்திலிருந்து வந்தது. அந்நாட்டில் ஊர்ச் சபைக்குக் குருவை நியமிக்கும் உரிமை பல இடங்களில் நிலக்கிழாருக்கு இருந்தது. 1712-இல் இயற்றப்பட்ட சட்டம் அவ்வுரிமையை அவர்களுக்கு மீட்டுத் தந்திருந்தது. மக்களோ, நாங்கள் விரும்பாதவரை எங்கள்மேல் சுமத்தலாகாது என்றனர். 1834-இல் திருச்சபையின் பொது மன்றம், சபையின் குடும்பத் தலைவருள் பெரும்பான்மையோர் மறுத்தால் அந்த நியமனம் செல்லாது என விதித்தது. அவ்வாண்டே ஆக்டரார்டர் என்ற ஊரில் நிலக்கிழார் ஒருவரை நியமித்தார். அவரை வரவேற்றுக் கையொப்பமிட்டோர் ஊர்ச் சபையில் இருவர். மறுத்த குடும்பத் தலைவர்கள் 287 பேர். வழக்கு நீதிமன்றங்களில் ஏறி, 1839-இல் பிரபுக்கள் சபையில் முடிந்தது. நிலக்கிழார் பக்கமே தீர்ப்பாயிற்று.

அதன் விளைவு 1843-ஆம் ஆண்டு மே மாதம் 18-ஆம் நாள் எடின்பரோவில் தெரிந்தது. தாமஸ் சால்மர்ஸ் என்ற அறிஞர் தலைமையில் நானூறுக்கு மேற்பட்ட குருமார் அரசு ஆதரவு பெற்ற திருச்சபையை விட்டு வெளியேறினர். கோயில்களையும், குடியிருந்த வீடுகளையும், உறுதியான ஊதியத்தையும் துறந்து அவர்கள் நிறுவியதே சுயாதீனத் திருச்சபை. மக்கள் தரும் காணிக்கையாலேயே அது வளர்ந்தது.

சென்னையில் அப்போது ஜான் ஆண்டர்சன் என்பவர் ஒரு பள்ளியை நடத்திவந்தார். 1837-இல் தொடங்கிய அப்பள்ளியே பின்னர்ச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது. காஞ்சியிலும் செங்கற்பட்டிலும் அவர் கிளைப் பள்ளிகள் அமைத்திருந்தார். பிளவுச் செய்தி கப்பலேறி வந்தபோது, இந்தியாவிலிருந்த ஸ்காட்லாந்து மிஷனெரிமார் ஒருவர் தவறாமல் வெளியேறியவர் பக்கமே சேர்ந்தனர். ஆண்டர்சனும் அவர்களுள் ஒருவர். இவ்வாறு, ஊர்ச் சபையின் இசைவின்றி ஆயரை நியமிக்கலாகாது என்பதற்காகவே வீடு வாசலைத் துறந்த திருச்சபை ஒன்று, குடவோலைக் கல்வெட்டுள்ள வட்டாரத்தில் வேரூன்றியது. அக்கல்வெட்டைப் பற்றி அவர்களுக்கு ஏதும் தெரிந்திராது; அது அறிஞர் கண்ணில் பட்டு உலகறிய வந்தது பிற்காலத்தில்.

தென்கோடியில், திருநெல்வேலிச் சீமையில் இதே வழக்கு அதற்கு முன்பே மூண்டிருந்தது. இரேனியஸ் ஐயர் செருமானியர், லுத்தரன் மரபினர். தமிழ் இலக்கணமும், தமிழில் பூமிசாஸ்திர நூலும் எழுதியவர் என்று தமிழ் மாணவர் அவரை அறிவர். ஆங்கிலேயச் சங்கம் ஒன்றின் ஊழியராக அவர் 1820 முதல் பாளையங்கோட்டையில் பணியாற்றினார். ஊர் ஊராகச் சபைகள் பெருகின. அவற்றைக் கண்காணிக்கத் தமிழ் உபதேசியாரைக் குருமாராக்க வேண்டும் என்றார் இரேனியஸ். தம் மரபுப்படி தாமும் உடனூழியரும் கைவைத்து அதைச் செய்யலாம் என்றும் கருதினார். அத்தியட்சர் கையாலன்றி ஆகாது என்றது சங்கம். ஆங்கிலத் திருச்சபையின் சில முறைகளைக் குறைகூறி அவர் எழுதியதும் பகையை வளர்த்தது. 1835-இல் சங்கம் அவரை விலக்கியது. சென்னைக்கென முதல் ஆங்கிலிக்கன் அத்தியட்சர் அமர்ந்ததும் அதே ஆண்டில்தான்.

இரேனியஸ் ஊரை விட்டுச் சென்றார். ஆனால் உபதேசியார் பலர் அவருக்குக் கடிதம் விடுத்துத் திரும்பி வருமாறு அழைத்தனர், அவரும் வந்தார். ஒரே ஊரில் இரு கட்சிகள் தோன்றின. ஒரு கட்சிக்குச் சங்கமும் அத்தியட்சரும். மற்றதற்குத் தம்மை ஈன்று வளர்த்த ஆசிரியர். 1838-இல் இரேனியஸ் மறைந்தார். பிரிந்தவர் படிப்படியாகச் சங்கத்தோடு சேர்ந்தனர். இவ்வரலாற்றைச் சொல்வோர் பெரும்பாலும் இரேனியசின் தைரியத்தையோ பிடிவாதத்தையோ பேசுவர். எனக்கு முக்கியமாகப் படுவது அக்கடிதங்கள். தமக்கு ஆயராக வேண்டியவர் இன்னார் என்று தமிழ்ச் சபையார் தாமே சொன்ன குரல் அவற்றில் இருக்கிறது.

அக்குரல் இன்னும் உரக்க எழுந்தது 1857-இல். நாசரேத்துக்கு அருகே பிரகாசபுரத்தில், அருமைநாயகம் சட்டம்பிள்ளை என்பவர் மிஷனெரிமாரின் ஆட்சியை மறுத்து, அயல்நாட்டார் எவரையும் சாராத தனிச் சபை கண்டார். இந்துக் கிறிஸ்தவ சபை எனப்பட்ட அது சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்டது. பழைய ஏற்பாட்டு முறைகள் சிலவற்றைத் தழுவியது. அதன் கொள்கைகளை ஏற்காதோரும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: அது தன் செலவுக்குப் பிறரிடம் கை நீட்டவில்லை.

மாணவ நண்பர்களே, இங்கேதான் இவ்வரலாற்றின் முடிச்சு இருக்கிறது என்பது என் கருத்து. அத்தியட்சரா, மூப்பர் மன்றமா, ஊர்ச் சபையா என்று நூல்களில் வாதித்தனர். நடைமுறையில் ஆண்டது ஊதியம் தந்த கை. மதுரைச் சீமைக்கு 1834 முதல் வந்த அமெரிக்க மிஷனெரிமார் சுயாதீன சபைக் கொள்கையர். ஊர்ச் சபைக்கு மேல் ஆட்சி இல்லை என்போர். ஆயினும் அவர்களுடைய ஊர்ச் சபைகளில் உபதேசியாரை அமர்த்தியதும் மாற்றியதும் மிஷனெரியே. அத்தியட்சர் என்ற பெயரில்லையே தவிர, அதிகாரத்தில் குறைவில்லை. அமெரிக்காவிலிருந்து அச்சங்கத்தின் செயலாளர் ரூபஸ் ஆண்டர்சன் 1855-ஐ ஒட்டி இங்கு வந்து, (சென்னைப் பள்ளி ஆண்டர்சன் வேறு, இவர் வேறு) ஊர்ச் சபைகளுக்குத் தமிழ் ஆயரை அமர்த்துங்கள், சபைகள் தாமே அவர்களைத் தாங்கட்டும் என்று வற்புறுத்தினார். சொல் நன்று, ஆனால் தாங்குவதற்குச் சபையாரிடம் என்ன இருந்தது?

காஞ்சிபுரம், செங்கற்பட்டுச் சிற்றூர்களை நினைத்துப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே சபையில் சேர்ந்தவருள் மிகப் பலர் ஆதி திராவிட உழவர். பிறர் நிலத்தில் உழைத்தவர். தாம் குடியிருந்த மனைக்கும் உரிமை இல்லாதவர். செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் டிரெமன்ஹீர் 1891-இல் அரசுக்கு எழுதிய அறிக்கை அவர்கள் நிலையை விரிவாகக் கூறுகிறது. ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ அவர்களுக்காக நிலம் கேட்டுப் போராடினார். கால் வேலி நிலமும் சொந்த மனையும் கேட்டதல்லவா பழைய கல்வெட்டு? அக்கணக்குப்படி இவர்களுள் ஒருவர் பெயரும் குடத்துள் விழுந்திராது. புதிய சபையில் அவர்களுக்குப் பெயர் உண்டு, இடம் உண்டு, சபைக் கூட்டத்தில் பேசும் உரிமையும் உண்டு. ஆனால் உபதேசியாரின் மாத ஊதியம் எடின்பரோவிலிருந்து வந்தது. சபையின் சுயாதீனத்திற்காகவே பிறந்த திருச்சபைக்கு இது விளங்காமலில்லை. விளங்கியும் எளிதில் வழி காண இயலவில்லை.

இருபதாம் நூற்றாண்டு பிறந்தவுடன் இணைப்பு முயற்சிகள் தொடங்கின. இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் அமெரிக்காவிலும் மூண்ட சண்டைகளுக்காகச் செங்கற்பட்டாரும் மதுரையாரும் ஏன் பிரிந்து நிற்கவேண்டும் என்று தமிழ்க் கிறிஸ்தவர் கேட்டனர். 1908-இல் மூப்பர் மன்ற முறையினரும் சுயாதீன சபை முறையினரும் சேர்ந்து தென்னிந்திய ஐக்கிய சபை ஆயினர். மதுரை, திருவிதாங்கூர், யாழ்ப்பாணம், காஞ்சி எல்லாம் அதில் அடங்கின. அத்தியட்சர் முறை மட்டும் எதிரே நின்றது.

1919-ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாளும் மறுநாளும் தரங்கம்பாடியில் முப்பத்துமூன்று குருமார் கூடினர். இருவர் தவிர மற்றவர் அனைவரும் இந்தியர். கூட்டத்தின் உயிர்நாடி வேதநாயகம் சாமுவேல் அசரியா. திருநெல்வேலியில் பிறந்த அவர் 1912 முதல் தோர்ணக்கல்லில் அத்தியட்சர். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அப்பதவி பெற்ற முதல் இந்தியர். அவர்கள் விடுத்த அறிக்கை மூன்று முறைகளுள் எதையும் தள்ளவில்லை. ஊர்ச் சபையின் உரிமை, மன்றத்தின் ஆட்சி, அத்தியட்சரின் கண்காணிப்பு மூன்றும் ஒரு திருச்சபைக்கு வேண்டும் என்றது. அத்தியட்சர் இருப்பார், ஆனால் விதிகளுக்கு உட்பட்டவராய் இருப்பார்.

சொல்வதற்கு எளிதாயிருந்தது, செய்வதற்கு இருபத்தெட்டு ஆண்டுகள் ஆயின. அத்தியட்சரைச் சுயாதீன சபையார் அஞ்சினர். அத்தியட்சர் கைவைக்காத குருவின் கையால் திருவிருந்து பெறுவதை ஆங்கிலிக்கர் சிலர் அஞ்சினர். 1943-இல் மெதடிஸ்துகளும், 1945-இல் ஆங்கிலிக்கரும், 1946-இல் கடைசியாகத் தென்னிந்திய ஐக்கிய சபையும் இசைந்தன. கடைசியில் வந்தவர் யார் என்பது கவனிக்கத் தக்கது. பாடுபட்ட அசரியா 1945-ஆம் ஆண்டின் முதல் நாளன்று காலமாகிவிட்டார்.

அவர்களை இசைய வைத்தவை இரண்டு. முதலாவது, அத்தியட்சரைத் தேர்ந்தெடுக்கும் முறை. குருமாரும் சபை மக்களின் பிரதிநிதிகளும் கூடிய பேராய மன்றம் வாக்களித்துச் சில பெயர்களைத் தேர்ந்து அனுப்பும். அவற்றிலிருந்து ஒருவரைத் திருச்சபை முழுவதற்குமான மேல் மன்றத்தின் சார்பில் நியமிப்பர். கீழே தேர்வு, மேலே உறுதி. இரண்டாவது, ஓர் உறுதிமொழி: ஒரு சபைக்குப் பழக்கமில்லாத, அல்லது அதன் மனச்சான்று மறுக்கின்ற வழிபாட்டு முறையையோ குருத்துவ முறையையோ அச்சபையின்மேல் சுமத்துவதில்லை என்பது. ஆக்டரார்டரில் 287 பேர் கேட்டதும் ஏறக்குறைய இதுவே.

1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள், நாடு விடுதலை பெற்று ஏறக்குறைய ஆறு வாரத்தில், சென்னைத் தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. பேராயங்கள் பதினான்கு. அன்று புதிதாக அருட்பொழிவு பெற்ற அத்தியட்சர்களுள் லெஸ்லி நியூபிகின் என்பவர் ஒருவர்; வயது முப்பத்தேழு. அவர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர். 1939 முதல் அவ்வட்டாரச் சிற்றூர்களிலேயே சுற்றி உபதேசியாருக்குப் பயிற்சி அளித்தவர். காஞ்சி இராமகிருஷ்ண மடத்தில் துறவியரோடு தரையில் அமர்ந்து உபநிடதமும் யோவான் நற்செய்தியும் ஆராய்ந்தவர். அத்தியட்சர் முறையை ஏலாத ஸ்காட்லாந்து மரபில் குருவானவர் அவர். அவரே அத்தியட்சராகி, அத்தியட்சர் என்ற சொல்லையே விரும்பாத சுயாதீன சபையார் மிகுந்த மதுரை, இராமநாதபுரம் பேராயத்திற்கு அனுப்பப்பட்டார்! புதிய திருச்சபை இன்னும் ஒரு நுட்பம் செய்தது. ஆங்கிலத்தில் மதுரை'யின்' அத்தியட்சர் என்னாமல், மதுரை'யில்' அத்தியட்சர் என்று எழுதினர். வேற்றுமை உருபு ஒன்றில் ஆட்சிக்கும் பணிக்கும் உள்ள வேற்றுமையைக் காட்டிவிட்டனர். இலக்கணம் படிக்கும் மாணவர் இதை விரும்புவர்.

எல்லாம் இனிதே முடிந்தது என்று சொல்வதற்கில்லை. ஆந்திரத்தில் நந்தியால் பகுதி ஆங்கிலிக்கன் சபைகள் பல ஆண்டுகள் இணையாமல் வெளியே நின்றன. இங்கிலாந்தின் ஆங்கிலிக்கன் தலைவர்கள் 1948-இல் கூடியபோதும் புதிய திருச்சபையை முழு மனத்தோடு தழுவிக்கொள்ளவில்லை. பணத்தின் கேள்வியும் வேறு வடிவில் திரும்பியது. வெளிநாட்டு உதவி குறைந்தது. ஆனால் பள்ளிகளும் மருத்துவமனைகளும் நிலங்களும் பேராயங்களின் கைக்கு வந்தன. அவற்றை ஆளும் மன்றங்களுக்கு நடக்கும் தேர்தல்களில் போட்டி மிகுந்தது. வழக்குகள் உயர்நீதிமன்றம் வரையும் அதற்கு மேலும் சென்றன. கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் நிற்கலாகாது என்ற பழைய விதியை யாரேனும் ஒருவர் அங்கே எடுத்துப் படித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

சிற்றூர்ச் சபைகளில் மாற்றம் மெல்ல வந்தது. சேகரக் கமிட்டியில் உழவர் குடும்பத்து ஆடவரும், பின்னர்ப் பெண்டிரும் அமர்ந்தனர். அறுப்பின்போது நெல்லாகவும், மற்றக் காலத்தில் பிடியரிசியாகவும் காணிக்கை சேர்த்து ஆயரைத் தாங்கும் பழக்கம் பரவியது. நியூபிகின் 1965-இல் சென்னைப் பேராயத்திற்குப் பேராயராகத் திரும்பி வந்தார். தாம் இளமையில் நடந்த காஞ்சிச் சிற்றூர்கள் மீண்டும் அவர் கண்காணிப்பில் வந்தன. 1974-இல் அவர் ஓய்வுபெற்றுத் தாயகம் திரும்பினார். அவருக்குப் பின் அவ்விடத்தில் அமர்ந்தவர் சுந்தர் கிளார்க், தமிழர்.